எலுமிச்சை இலையில் பிறந்த தங்கப்பழம்

மேற்கு மலையின் அடிவாரத்தில், எந்தத் தெருவில் நின்று மூச்சை இழுத்தாலும் எலுமிச்சை வாசமும் அதற்கு அடியில் பூச்சிமருந்து வாசமும் சேர்ந்தே வருகிற நொச்சிக்குளத்தில், குருவையா என்று ஒருவன் இருந்தான். அவனுக்கு வேலை மருந்தடிப்பது. முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு, மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இந்தத் தோப்பில் தொடங்கி அந்தத் தோப்பில் முடிக்க, அங்கே முடிக்கும்போது இங்கே மறுபடியும் புழு விழுந்திருக்க, வருஷம் முழுவதும் அவன் எலுமிச்சை மரங்களைச் சுற்றிவந்துகொண்டே இருந்தான். அவன் மனைவி பூங்கனி. பூங்கனிக்குப் பிள்ளைகள் பிறந்தன, அழாமல் பிறந்தன. கடைசியாகப் பிறந்ததையும் மண்ணில் வைத்துவிட்டு வந்த பிறகு அவள் சமைத்தாள், வீடு கூட்டினாள், தண்ணீர் எடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், ஆனால் தானாக ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஆவணியில் ஒருநாள், வீட்டுக்குப் பின்னால் பழைய பெயிண்ட் வாளியில் நின்ற எலுமிச்சங்கன்றுக்கு ஒரு வண்ணத்துப்பூச்சி வந்தது. வந்து, உட்கார்ந்தும் உட்காராமலும் சிறகை அடித்துக்கொண்டே காலால் இலையைத் தட்டித் தட்டி ருசி பார்த்து, கொழுந்தில் ஒரே ஒரு முட்டையை, கடுகைவிடச் சின்னதாக, மஞ்சளாக, ஒட்டிவைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் சுவர் தாண்டிப் போய்விட்டது. முட்டையிலிருந்து வந்த புழு முதலில் முட்டைத் தோட்டைத் தின்றது. பிறகு கொழுந்தைத் தின்றது. பார்க்கிறவர்கள் காக்கை எச்சம் என்று நினைக்கிற மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக இலையில் அசையாமல் கிடந்து, யாரும் பார்க்காத நேரத்தில் தின்று, தோலைக் கழற்றி, கழற்றிய தோலையும் தின்று, பச்சையாகித் திரண்டது. கட்டைவிரல் அளவுக்கு அது வந்திருந்த நாளில்தான் குருவையா கண்ணில் பட்டது. பழக்கம் விடுமா, அவன் கை தானாக நசுக்கப் போனது.

“விடுங்க,” என்றாள் பூங்கனி. “பசியில திங்குது.”

அவள் வாயிலிருந்து தானாகப் பேச்சு வந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்ததால், குருவையா கையை இறக்கிக்கொண்டு, இன்னும் ஏதாவது சொல்லுவாளா என்று நின்றான்.

மற்றப் புழுக்கள் அந்த அளவில் நின்றுவிடும். இது நிற்கவில்லை. வாளியில் இருந்த கன்றில் இலை தீர்ந்து வெறுங்குச்சி ஆனபோது அது வெள்ளரிக்காய் அளவில் இருந்தது. பூங்கனி அதை முந்தானையில் எடுத்து வீட்டுக்குள் கொண்டுபோனபோது முழங்கை அளவில் இருந்தது. உத்தரத்தில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டு அதில் கிடத்தியபோது, சேலை கனத்தில் கீழே தாழ்ந்து லேசாக ஆடியது. அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு குருவையா வாசல்படியில் நின்றான். உள்ளே போகவில்லை. அவன் சட்டையில் மருந்து இருந்தது.

முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு முப்பிடாதி. பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போகிற முறைப்படி குளித்து, கொஞ்சம் சீனி எடுத்துக்கொண்டு வந்தாள். தொட்டிலை விலக்கிப் பார்த்து, சீனியை எங்கே வைப்பது என்று கொஞ்சம் யோசித்து, பூங்கனியின் வாயிலேயே போட்டுவிட்டு, “கண்ணு ரெண்டும் நல்லா பெருசா இருக்கு மதினி,” என்றாள். கண்ணேறு படாமலிருக்க இரண்டு கண்ணுக்கும் நடுவில் மையால் ஒரு பொட்டும் வைத்தாள். மறுநாள் வந்த பால்வாடி ஜெபமணி டீச்சர், அவை கண் இல்லை, குருவிகளைப் பயமுறுத்துவதற்காக முதுகில் உள்ள புள்ளி, நிஜக் கண் கீழே மணல் மாதிரி சின்னதாக இருக்கும் என்று குனிந்து காட்டினார். முப்பிடாதி அந்தச் சின்னக் கண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு தெருவே வந்தது. ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். தெரியாது என்றாள் பூங்கனி. அப்படியானால் ரெண்டுக்கும் பொருந்துகிற பேராக வையுங்கள் என்றார்கள். தங்கப்பழம் என்று பேர் வைத்தார்கள். காதில் மூன்று முறை சொல்ல வேண்டும் என்று தேடி, காது இல்லாததால் தலைமாட்டில் சொன்னார்கள்.

தோப்புக்காரர் வெள்ளத்துரை கடைசியாகத்தான் வந்தார். ஊரில் பாதித் தோப்பு அவருடையது. வெளியில் நின்றே குருவையாவைக் கூப்பிட்டார்.

“ஊர்ப் புழுவையெல்லாம் கொல்லுததுக்கு உன்னைய வச்சிருக்கேன். நீ வீட்டுல ஒண்ணு வளக்கியாமே?”

“ஆமா மொதலாளி.”

“இது பெருத்து வெளிய வந்துச்சுன்னா ஒரு பொழுதுல என் தோப்ப மொட்டையடிச்சிருமேய்யா. யோசிச்சியா?”

வெள்ளத்துரை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தொட்டிலை எட்டிப் பார்த்து, கைத்தடியால் மெதுவாகத் தொட்டார். தங்கப்பழம் தலையைத் தூக்கி, பிடரியிலிருந்து செக்கச்சிவந்த இரட்டைக் கொம்பை நீட்டியது. எலுமிச்சை அழுகின மாதிரி ஒரு வாடை வீடெல்லாம் அடித்தது. வெள்ளத்துரை கைத்தடியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“ரோசக்காரப் பிள்ளையா இருக்கே. பேரு என்ன?”

“தங்கப்பழம்,” என்றாள் பூங்கனி.

வெள்ளத்துரை மறுபடியும் தொட்டிலை எட்டிப் பார்த்தார். “எங்க அய்யா பேருல்லா அது,” என்றார். பிறகு, வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, “வீட்ட ஒட்டின தோப்புல இப்பத்திக்கு மருந்து அடிக்க வேண்டாம்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் இலைக்கு எங்கே போவது? ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டின வரைக்கும் எலுமிச்சை மரம்; ஒரு மரத்து இலையைக்கூட அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது, ஏனென்றால் அந்த இலைகளில் எல்லாம் குருவையா தன் கையால் மருந்தடித்திருந்தான். அதனால் வீட்டுக்கு வீடு புறவாசலில் நின்ற கறிவேப்பிலை மரங்களை ஊர் தங்கப்பழத்துக்கு விட்டுக்கொடுத்தது. யாரும் கூட்டம் போட்டு முடிவு பண்ணவில்லை. முப்பிடாதி ஒரு கொத்து ஒடித்துக் கொண்டுவந்தாள், அடுத்த வீட்டுக்காரி ஒரு கிளையாகக் கொண்டுவந்தாள், அப்புறம் அது நடைமுறை ஆகிவிட்டது. நொச்சிக்குளத்து ரசம் வாசம் இழந்தது. ஒரு கல்யாண வீட்டில் கறிவேப்பிலை போடாத சாம்பாரை ஊற்றி, கேட்ட மாப்பிள்ளை வீட்டாரிடம் “எங்க ஊருல ஒரு பிள்ள வளருது” என்று சொன்னார்கள், அவர்களும் அதற்கு மேல் கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

குருவையா டேங்க்கை மாட்டுக்கொட்டகையின் பரணில் ஏற்றிவிட்டு, எலுமிச்சை மண்டியில் மூட்டை தூக்கப் போனான். விடிந்ததும் மலைக்கு ஏறி, மருந்து போகாத காட்டு நாரத்தைமரத்து இலைகளைத் துறட்டியால் பறித்துக் கட்டிக் கொண்டுவந்து வாசல்படியில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வான். பூங்கனி அதைத் தண்ணீரில் அலசி எடுத்துக்கொண்டு போவாள். தங்கப்பழம் இலையின் ஓரத்தில் தொடங்கி, தலையை மேலிருந்து கீழே இறக்கி இறக்கித் தின்னும். அந்தச் சத்தம், ஓலையில் மழை தூறுகிற மாதிரி, வாசல்வரைக்கும் கேட்கும். குருவையா அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

“உள்ள வாங்களேன்,” என்பாள் பூங்கனி. “ஒரு தடவ தூக்கிப் பாருங்க. குளுகுளுன்னு இருக்கு.”

“நகக்கண்ணெல்லாம் மருந்து ஊறிக் கெடக்கு பிள்ள. இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்.”

அவன் வாய்க்காலில் கையை மணல் போட்டுத் தேய்த்தான், சாம்பல் போட்டுத் தேய்த்தான், புளியைக் கரைத்துத் தேய்த்தான், மூக்கில் வைத்து மோந்து பார்த்தான். மருந்து வாசம் இருந்தது. இல்லை, இருக்கிற மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தான். ஒவ்வொரு நாளும் நினைத்தான். பூங்கனி இப்போது நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தாள், பாடவும் செய்தாள், அவளுடைய பேச்சும் பிள்ளை தின்கிற சத்தமும் சேர்ந்து அந்த வீட்டிலிருந்து கேட்டபடியே இருந்தன. குருவையாவுக்கு இது போதும் என்றுதான் தோன்றியது.

ஒருநாள் தங்கப்பழம் தின்பதை நிறுத்திவிட்டது. கொண்டுவந்த இலை வாடிப்போனது. வயிற்றில் இருந்ததையெல்லாம் தண்ணீராகக் கழித்துவிட்டு, தொட்டிலிலிருந்து இறங்கி, சுவரில் ஏறி, அடுப்பைச் சுற்றி, அலமாரியில் ஏறி இறங்கி, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி வீடு முழுக்க அலைந்தது. பூங்கனி அதன் பின்னாலேயே அலைந்தாள்.

“பிள்ளைக்கு என்னமோ செய்யுது, டீச்சரக் கூப்பிடுங்க,” என்றாள்.

ஜெபமணி டீச்சர் வந்து பார்த்து, “ஒண்ணும் செய்யல தாயி. தூங்க இடம் தேடுது,” என்றார்.

கடைசியில் அது உத்தரத்தைத் தேர்ந்துகொண்டது. வாலை மரத்தில் ஒட்டி, வாயிலிருந்து நூலெடுத்து, பனையேறி இடுப்பில் வடம் போட்டுக்கொள்வது போல இடுப்பைச் சுற்றி ஒரு நூலை மாட்டிக்கொண்டு, சாய்ந்து நின்றது. பிறகு கடைசி முறையாகத் தோலைக் கழற்றியது. தோலோடு முகமும் கழன்று தரையில் விழுந்தது. முப்பிடாதி வைத்த மைப்பொட்டு அதில் இருந்தது. பூங்கனி அதைக் குனிந்து எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். மேலே முகம் இல்லாமல், கால் இல்லாமல், உத்தரத்தின் நிறத்தில் ஒரு கூடு தொங்கியது.

“உள்ள என்ன பண்ணும் டீச்சர்?”

“எல்லாம் கரைஞ்சு கூழாயிரும். பெறவு அந்தக் கூழ்லருந்து சிறகு, காலு எல்லாம் புதுசா கூடி வரும்.”

“எல்லாமா?”

“பெரும்பாலும்.”

“நான் எல கொடுத்தது, தொட்டில ஆட்டினது, அந்த நெனப்பெல்லாம்? அதுவும் கரைஞ்சிருமா?”

டீச்சர் பல வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் வைத்திருப்பவர். அன்று அவர் பூங்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு, “அது எனக்குத் தெரியல தாயி,” என்றார்.

கூடு தொங்கிய நாட்களில் ஊர் மெதுவாகப் பேசியது. அந்த வீட்டைத் தாண்டும்போது சைக்கிள்காரர்கள் மணி அடிக்கவில்லை. அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டிய ஒலிபெருக்கியை வேறு தெருப்பக்கம் திருப்பி வைத்தார்கள். பூங்கனி உத்தரத்துக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்து, கூட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள். கரைகிற உடம்பில் ஒரு சொல்லாவது தங்கிவிடாதா என்று பார்த்தாள். குருவையா, பிள்ளையைத் தொட்டிலில் போட்டதிலிருந்து முதல் முறையாக, வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்து, கூட்டுக்கு அடியில் நின்றான். கை தூக்கினால் எட்டும். தூக்கவில்லை. தூங்குகிற பிள்ளையைத் தொடக்கூடாது என்று அவனுக்கு அவனே சொல்லிக்கொண்டான்.

கூடு கறுத்து, அதற்குள் மஞ்சள் திட்டுகள் தெரியத் தொடங்கிய ஒரு காலையில் அது வெடித்தது. முப்பிடாதி குரல் கொடுக்க, பெண்கள் பிரசவ வீட்டுக்கு ஓடுகிற மாதிரி வெந்நீரும் பழந்துணியுமாக ஓடிவந்தார்கள். ஈரமாக, கசங்கிய சேலைத் துணிபோலச் சிறகு சுருண்டுகிடக்க, தங்கப்பழம் வெளியே வந்து உத்தரத்தைப் பற்றித் தொங்கி, செம்மண் நிறத்தில் ஒரு நீரைக் கழித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். வயிற்றை அழுத்தி அழுத்தி அது சிறகுக்குள் உயிரைச் செலுத்த, சுருக்கம் ஒவ்வொன்றாக நீங்கி, கறுப்பில் எலுமிச்சை மஞ்சளாகத் திட்டுத் திட்டாக, பின்சிறகின் ஓரத்தில் குங்குமம் வைத்தது போல ஒரு சிவப்பாக, இரண்டு முறத்தைச் சேர்த்த அகலத்துக்கு அது விரிந்தபோது, வாசலில் நின்றவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள்.

பூங்கனி காட்டு நாரத்தைக் கொழுந்தை எடுத்து அதன் முன்னால் நீட்டினாள். அது பார்க்கவில்லை. தின்கிற வாயே அதற்கு இல்லை, சுருட்டிவைத்த ஒரு நீளமான உறிஞ்சிதான் இருந்தது. “தங்கப்பழம்,” என்றாள். அது வாசலில் விழுந்திருந்த வெயிலைப் பார்த்துத் திரும்பி, தலைகளுக்கு மேலாகப் பறந்து, ஓட்டுக்கு மேலே ஏறிப் போய்விட்டது. பூங்கனி கையில் கொழுந்தோடு நின்றாள். முப்பிடாதிதான் அந்தக் கொழுந்தை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

அது ஊரை விட்டுப் போகவில்லை. வீட்டுக்குள்ளும் வரவில்லை. நிழல் அதற்கு ஆகாது. வெயில் ஏறியதும் எங்கிருந்தோ வரும்; செம்பருத்தி, உன்னிப்பூ, தென்னம்பாளை என்று ஒன்று விடாமல் போகும்; குடிக்கும்போதுகூட உட்காராமல் சிறகை அடித்துக்கொண்டே குடிக்கும். ஊர்க்காரர்கள் வாசலில் கனகாம்பரமும் சாமந்தியும் வைத்தார்கள். துணி காயப்போட்ட கொடியின் மேல் அதன் நிழல் போகும்போது பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பூங்கனி முதல் சில நாள் வெயிலில் அதன் பின்னாலேயே நடந்தாள். பூப்போட்ட மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு போனாள். அது ஒருமுறை கிட்டே வந்து, சேலைப் பூவில் தேன் இல்லையென்று கண்டு விலகிப் போனது. அன்று அவள் வீட்டுக்கு வந்து, தொட்டில் சேலையை அவிழ்த்துத் துவைத்துப் போட்டாள்.

“அதுக்கு அம்மா வேண்டியதில்ல,” என்றாள் குருவையாவிடம். “வெயில்தான் வேணும். நல்லாருக்கட்டும்.”

வெள்ளத்துரை ஆள் அனுப்பினார். பிள்ளை இனி இலை தின்னாது அல்லவா, தோப்பெல்லாம் சின்னப் புழுக்கள் மேய்கின்றன, இன்னும் விட்டால் மரமே மிஞ்சாது என்றார். குருவையா பூங்கனியைப் பார்த்தான். பூங்கனி, “பூ பூத்த பக்கம் அடிக்காதீங்க,” என்று மட்டும் சொன்னாள். அவன் பரணிலிருந்து டேங்க்கை இறக்கினான். பூ இல்லாத மரமாகப் பார்த்து அடித்தான்.

வாய்க்கால் மடையில் மண் ஈரமாக இருக்கிற இடத்தில் சின்ன வண்ணத்துப்பூச்சிகள் கூடி உப்பு உறிஞ்சும். அவற்றின் நடுவில் ஒருநாள் தங்கப்பழம் இறங்கி, உறிஞ்சியை நீட்டி மண்ணை உறிஞ்சியது. அப்படி மண்ணில் உப்பு எடுப்பது அநேகமாக ஆண்தான் என்றார் டீச்சர். “ஆம்பளப் பிள்ளையா,” என்றாள் முப்பிடாதி. ஊருக்கு ஒரு விஷயம் தெளிந்தது.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், குருவையா வேலையை முடித்து, முதுகில் டேங்க்கோடு, தலைமுதல் கால்வரை வேர்வையும் மருந்துமாக நனைந்து தோப்பிலிருந்து வெளியே வந்தான். வண்டிப்பாதையில் வெயில் கொதித்தது. அந்த வெயிலில் தங்கப்பழம் எதிரே வந்தது. அவன் தலையை ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கி, அவன் நெஞ்சுக்கு நேராகச் சிறகடித்து நின்றது. உறிஞ்சி சுருள் பிரிந்து நீண்டு, சட்டையின் உப்பைத் தேடி வந்தது. ஒரு சாண் தூரம் இருந்தது. சிறகு முளைத்த பிறகு ஒருமுறைகூட அவன் இவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்த்ததில்லை. கால்கள் அவனைப் பற்றிக்கொள்ள நீண்டன.

“வேண்டாம் அய்யா,” என்றான் குருவையா. “போ.”

அது போகவில்லை. அவன் பின்னால் நகர்ந்தான், அது கூடவே வந்தது. அவன் ஓடினான், டேங்க் முதுகில் குலுங்கக் குலுங்க ஓடினான், அதன் நிழல் அவன் மேலேயே வந்தது. மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தான். சட்டையைக் கழற்றி வீசினான்; அது சட்டையின் மேல் உட்காரப் போனது. அவன் பாய்ந்து சட்டையை இழுத்துக் காலுக்கடியில் போட்டு மிதித்துக்கொண்டு, தலைத்துண்டை அவிழ்த்து அடித்தான். அடித்தான். ஒரு அடி சிறகில் விழுந்தது. மஞ்சள் பொடி காற்றில் பறந்து அவன் கையிலும் முகத்திலும் படிந்தது. தங்கப்பழம் ஒரு பக்கம் சாய்ந்து, சமாளித்து, எலுமிச்சை மரங்களுக்கு மேலே ஏறிப் போனது.

குருவையா வாய்க்காலுக்கு ஓடிப்போய் இறங்கி மூழ்கினான். தேய்த்து, தேய்த்து, தோல் எரிகிறவரை தேய்த்துவிட்டு, அரைத்துணியோடு பாதைக்கு வந்து வெயிலில் நின்றான். இப்போது அவன் மேல் மருந்து இல்லை. உப்பும் இல்லை. மறுபடியும் வேர்க்கட்டும் என்று நின்றான். நெற்றியிலும் நெஞ்சிலும் வேர்வை துளிர்த்து, வழிந்து, உலர்ந்து, தோலில் வெள்ளையாகப் பூத்தது. கைகளை விரித்துக்கொண்டு, பொழுது சாயும்வரை நின்றான். அது வரவில்லை.

வீட்டில் பூங்கனி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “வந்துச்சா?”

“வந்துச்சு. மேல உக்கார வந்துச்சு.”

“நீங்க?”

“அடிச்சு வெரட்டினேன்.”

அவன் காதோரத்தில், வாய்க்கால் தண்ணீரும் கழுவாமல் விட்ட இடத்தில், மஞ்சள் பொடி கொஞ்சம் ஒட்டியிருந்தது. பூங்கனி அதை விரலால் தொட்டு எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிறகு அவன் டேங்க்கைத் தூக்கவில்லை.

தங்கப்பழத்தின் சிறகு ஓரம் கிழிந்தது. நிறம் வெளுத்தது. கூரைக்கு மேலே பறந்தது வேலி உயரத்துக்குத் தாழ்ந்தது. ஒரு முற்பகலில், நிழலில் உட்காராத அது வேப்பமரத்து நிழலில் கிடப்பதை முப்பிடாதி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். பூங்கனி ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, வரிசை கட்டிய எறும்புகளை முந்தானையால் விலக்கிக்கொண்டே இருந்தாள். கால்கள் கொஞ்சம் அசைந்தன. பிறகு அசையவில்லை.

அதற்கு ஆயுசே இவ்வளவுதான் என்றார் டீச்சர். ஆமா, இவ்வளவுதானாம் என்றார் வெள்ளத்துரை. நின்றவர்கள் எல்லோரும் ஆயுசைப் பற்றியே பேசினார்கள். குருவையாவின் கையை யாரும் பார்க்கவில்லை; அவன்தான், அவர்கள் ஆயுசு என்று சொன்ன ஒவ்வொரு தடவையும், அதை மூக்கில் வைத்து மோந்து பார்த்தான்.

பிறகு அவன் குனிந்து இரண்டு கையையும் கொடுத்துத் தங்கப்பழத்தைத் தூக்கினான். காற்று புகுந்து சிறகு மெல்ல எழும்பியது. கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. அவன் மார்போடு அணைத்து அந்தச் சிறகை அடக்கிக்கொண்டு நடந்தான். வெள்ளத்துரை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். தெரு நடந்தது. மலைக்குப் போகிற பாதையில், மருந்து போகாத மண்ணாகப் பார்த்துக் குழி தோண்டியிருந்தார்கள். குருவையா அதை இறக்கி வைத்தான். எல்லோரும் ஆளுக்கொரு கைப்பிடி மண் போட்டார்கள்.

திரும்பி வருகையில் ஊர் முன்னால் போய்விட்டது. குருவையாவும் பூங்கனியும் பின்னால் வந்தார்கள். பாதி வழியில் அவள் கேட்டாள்.

“கனமா இருந்துச்சா?”

ஒரு சருகை ஏந்திய அளவுக்குக்கூட அதில் கனம் இல்லை. நடந்த தூரமெல்லாம் கையில் ஏதாவது இருக்கிறதா என்று அவன் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டுதான் போயிருந்தான்.

“ஆமா,” என்றான் குருவையா. “நல்ல கனம்.”

பூங்கனி தலையசைத்தாள்.

“இருக்கும்,” என்றாள். “எவ்வளவு எல தின்னுச்சு.”